நரையில்லாப் புலவரும் பெயரில்லா இளையரும்

வாழ்வின் முற்பகுதிக்கு வழிகாட்டும் ஏடுகள் ஏராளம். எப்படிப் படிப்பது, எவ்வாறு பொருளீட்டுவது, யாரை மணப்பது, எங்கே வீடு கட்டுவது என்றெல்லாம் சொல்லித் தரப் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக நூல்கள் உண்டு. பிற்பகுதிக்கோ? ஐம்பதைக் கடந்த ஒருவர், "இனி நான் எதற்காக வாழ்வது?" என்று கேட்டுவிட்டால், இந்நாட்டில் இரண்டே விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "உலகை மற, ஊர் ஊராகத் திருத்தலம் சுற்று, போகும் நாளை எண்ணிக் காத்திரு" என்பது ஒன்று. "பேரப்பிள்ளைகளைக் கொஞ்சு, கொடுத்ததை உண், குரலை மட்டும் உயர்த்தாதே" என்பது மற்றொன்று. முன்னதற்குத் துறவு என்று பெயர். பின்னதற்கு அடக்கம் என்று பெயர். பெயர்கள் வேறாயினும் பொருள் ஒன்றே: உனக்கு இனி இங்கே வேலையில்லை!

இவ்விரண்டு விடைகளும் முதியவருக்கு நிறைவு தருமா? வேலையில்லாத இளைஞனைக் கண்டு நாடு கவலைப்படுகிறது. வேலையில்லாத முதியவரைக் கண்டால் மட்டும் "கொடுத்து வைத்தவர்" என்கிறது! உடல் தளர்ந்தவருக்கு ஓய்வு தேவை, மறுப்பாரில்லை. ஆனால் ஓய்வு வேறு, ஒதுக்கம் வேறு. ஓய்வு கேட்டவருக்கு ஒதுக்கத்தைக் கொடுத்துவிட்டு, அதையே பேறு என்று பாராட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் இலக்கியம் இதைத்தான் சொல்லிற்றா? பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. இன்றைய வாழ்வை அளக்க அவற்றில் அளவுகோல் கிடைக்குமா என்று பார்ப்பதற்காகவே.

காடா, வீடா?

மனு நூலின் ஆறாம் அத்தியாயம் இல்லறத்தானுக்கு ஒரு நாள் குறிக்கிறது. தோலிலே திரையும், தலையிலே நரையும், பிள்ளைக்குப் பிள்ளையும் தோன்றக் கண்டதும் அவன் காட்டுக்குப் போக வேண்டுமாம். மனைவி? அவளை மக்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். இல்லையேல் உடன் அழைத்துச் செல்லலாம். எது நேர்வது என்பதில் அவள் விருப்பம் கேட்கப்படவில்லை. நரை என்பது அங்கே ஓர் ஆணை. ஊரைவிட்டு வெளியேறு என்னும் ஆணை.

தொல்காப்பியமும் இதே பருவத்தைப் பற்றிப் பேசுகிறது. கற்பியலில் ஒரு நூற்பா உண்டு. காதல் வாழ்வு கனிந்து முற்றிய கடைசிப் பருவத்தில், பாதுகாவலாக அமைந்த மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பயில வேண்டும். அதுவே கடந்த வாழ்வின் பயன் என்பது அந்நூற்பாவின் கருத்து. எத்துணை வேறுபாடு! அங்கே காடு, இங்கே வீடு. அங்கே ஆண் மட்டும் முடிவு செய்கிறான். இங்கே இருவரும் ஒருங்கே நிற்கிறார்கள். அங்கே விலகல், இங்கே கூடல். அங்கே வாழ்வின் பயன் வாழ்வை விடுவது; இங்கே வாழ்வின் பயன் வாழ்வைப் பயில்வது.

சிறந்தது எது என்று அந்நூற்பா பெயர் சொல்லவில்லை. அதை ஒரு குறை என்று நான் கருதவில்லை. எந்த வீட்டில் எது சிறந்தது என்பதை அந்த இருவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்ட பெருந்தன்மை அது. ஆனால் ஒன்றைத் திட்டமாகச் சொல்லிற்று: பயில வேண்டும். பயிற்சி என்பது தொடக்கப் பள்ளிச் சிறுவனுக்கு உரியது என்று நாம் நினைக்கிறோம். முதுமையிலும் பயில்வதற்கு ஒன்று இருக்கிறது என்கிறது தொல்காப்பியம்.

அந்நூற்பாவில் தலைவனும் தலைவியும் 'கிழவன்', 'கிழத்தி' என்றே குறிக்கப்படுகிறார்கள். இன்று அச்சொல் செவியில் விழுந்தால் முகம் சுளிக்கிறோம். அன்று அதற்கு முதியவன் என்பது பொருளன்று. உரிமையுடையவன் என்பது பொருள். கிழமை என்றால் உரிமை. இருபது அகவைக் காதலனும் அகத்திணையில் கிழவனே! உரிமையுடையவனைக் குறித்த சொல், காலப்போக்கில் உரிமை இழந்தவனைக் குறிக்கும் வசையாயிற்று. ஒரு சொல்லின் வீழ்ச்சியில் ஒரு சமுதாயத்தின் வீழ்ச்சியைக் காணலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிசிரிலிருந்து வந்த விடை

முதுமையின் நிறைவைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு பாடலைக் காட்டு என்றால், எவரும் புறநானூற்றின் 191-ஆம் பாடலைத்தான் காட்டுவர். பாடியவர் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையார். ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று சான்றோர் கேட்டனர். புலவர் விடை கூறினார். மனைவி மாண்புடையவள்; மக்கள் அறிவால் நிரம்பியவர்கள்; ஏவல் செய்வோர் அவர் கருதுவதையே தாமும் கருதுபவர்கள்; அரசன் முறையல்லாதன செய்யாமல் காக்கிறான்; இவை எல்லாவற்றிற்கும் மேலாக, கற்று அடங்கிய சான்றோர் பலர் அவர் வாழும் ஊரில் இருக்கிறார்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது.

இப்பாடலை நாம் எப்படிப் படித்து வருகிறோம்? 'கவலையற்றவனுக்கு நரை வராது' என்று ஒரு வரியில் சுருக்கி, மாணவரின் தேர்வுத் தாளுக்கு அனுப்பிவிடுகிறோம். தலைமயிர்ச் சாயம் விற்போருக்கு வேண்டுமானால் அந்தச் சுருக்கம் பயன்படலாம். பாடலின் பொருள் அதுவன்று.

பாடல் எங்கே பிறந்தது என்று பாருங்கள். கோப்பெருஞ்சோழன் உறையூர் மன்னன். அவனுடைய மக்கள் இருவர் அவனுக்குப் பகையாயினர். தந்தை மக்கள்மீது படை எடுக்கப் புறப்பட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடைமறித்து, வென்றாலும் தோற்றாலும் உனக்குப் பழியே என்று உணர்த்தினார். போர் நின்றது. மன்னன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அவனை நேரில் கண்டிராத நண்பராகிய ஆந்தையார், அவனோடு உயிர் துறக்க நெடுந்தொலைவு நடந்து வந்தார். அங்கே வந்தவரிடம்தான் சான்றோர் நரையைப் பற்றிக் கேட்டனர். அதாவது, சாவதற்கென்று வந்து நிற்கும் மனிதர் தம் வாழ்வின் நிறைவைப் பற்றிக் கூறிய விடை அது! நெடுநாள் வாழும் மருந்தைப் பற்றிய பேச்சாக அது எப்படி இருக்க முடியும்? நிறைவு என்பது ஆண்டுகளின் எண்ணிக்கையில் இல்லை என்பதை அவர் வந்து நின்ற இடமே சொல்லிவிடுகிறது.

மற்றொன்றையும் நோக்குங்கள். மக்கள் நிரம்பியவர்கள் என்று புலவர் யார் அருகில் நின்று சொல்கிறார்? மக்களால் மனமுடைந்த மன்னனுக்கு அருகில். முடியும் கொடியும் படையும் பெற்றவனுக்குக் கிட்டாத ஒன்று, பிசிர் என்னும் ஊரின் எளிய புலவருக்குக் கிட்டியிருந்தது. முதுமையின் நிறைவு செல்வத்தால் வருவதன்று என்பதை இதைவிட அழுத்தமாக எந்த அறநூலும் சொல்ல முடியாது.

அவர் அடுக்கிய ஐந்தில் எவை இல்லை என்றும் பார்க்க வேண்டும். பொன் இல்லை, நிலம் இல்லை, மருந்து இல்லை, நோன்பு இல்லை, மறுமை இல்லை, "என் மன உறுதியே காரணம்" என்ற தற்பெருமையும் இல்லை. ஐந்தும் பிறரைப் பற்றியவை. வீட்டில் தொடங்கி, மக்களைத் தொட்டு, அரசைத் தாண்டி, ஊரில் சென்று முடிகிறது அவர் விடை. மனநிறைவு என்பது மனத்துக்குள் விளையும் தனிப்பயிர் என்று இன்று நமக்குச் சொல்லப்படுகிறது. கண்ணை மூடு, மூச்சை அடக்கு, ஆசையை விடு, நிறைவு வரும் என்கிறார்கள். ஆந்தையார் அப்படிச் சொல்லவில்லை. என் நிறைவுக்கு என் ஊர் காரணம் என்றார். முறையற்ற அரசின்கீழ் நிறைவான முதுமை இல்லை. சான்றோர் இல்லாத ஊரில் நிறைவான முதுமை இல்லை. இது அரசியல் பேசும் பாடல், ஐயமில்லை.

'இளையர்' யார்?

இத்துணை பாராட்டிய பிறகு, பாடலிடம் ஒரு கேள்வியும் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி என்னுடையதன்று. அண்மையில் இப்பாடலை வகுப்பில் விளக்கி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த ஏவலாளர்களுக்கு நரை இருந்ததா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பாடலை எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். எவரும் கேட்காத கேள்வியை எட்டாம் வகுப்பு கேட்டுவிட்டது.

ஏவல் செய்வோரைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் 'இளையர்' என்பது. பழைய வழக்கு அது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஏவலனுக்கு முதுமையே வராதா? எழுபது அகவையில் நீர் சுமந்தாலும் அவன் இளையன்தானா? அன்றைய சொல் அன்றோடு போகவில்லை. இன்றும் தேநீர்க் கடையில் நரைத்த தலையோடு குவளை கழுவுகிறவரைப் 'பையன்' என்றுதான் அழைக்கிறோம். மாளிகைக் கதவைத் திறந்துவிடும் முதியவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். முதலாளி வீட்டுக் குழந்தைகூட ஒருமையில் கூப்பிடுகிறது. முதுமைக்குரிய மதிப்புக்கூடப் பொருளுடையாருக்கே உரித்து என்று ஆக்கி வைத்திருக்கிறோம். பொருளற்றவனுக்கு முதுமை உண்டு. முதியவன் என்ற தகுதி இல்லை.

ஏவலர் அவர் எண்ணுவதையே எண்ணினர் என்பதிலும் ஐயம் எழுகிறது. ஒத்த மனம் இருவர் பக்கமிருந்தும் வந்தால் அது நட்பு. ஒருவர் மனம் மட்டும் மற்றவர் மனத்துக்கு ஏற்ப வளைந்தால் அது அடிமை. பிசிரில் நடந்தது எது? பாடல் சொல்லவில்லை, ஏனெனில் இளையர் பாடவில்லை. மனைவியும் பாடவில்லை. மாண்புடையவள் என்று கணவர் சான்று தருகிறார்; அவளுக்கு நரை உண்டா, நிறைவு உண்டா என்று வினவுவதற்கு அந்த அவையில் எவருமில்லை.

புறநானூற்றில் முதிய பெண்களும் வருகிறார்கள். நரம்பெழுந்த தோள் கொண்ட முதிய தாய் ஒருத்தி, மகன் போரில் புறமுதுகிட்டான் என்று கேட்டுச் சினந்து களம் சென்று, அவன் முன்னின்று மாண்டதைக் கண்டு, ஈன்ற நாளினும் மகிழ்ந்தாள் என்று காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார். அவள் வீரத்தை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். ஆயினும் கேட்க வேண்டும்: அவள் முதுமைக்கு அவளுடையது என்று சொல்ல ஒரு குறிக்கோள் இருந்ததா? மகனுடைய புகழே அவள் நிறைவு. மகனுடைய சாவே அவள் மகிழ்ச்சி. இது இரவல் குறிக்கோள். இன்றைய தாய்மாருக்கும் இதையே விதிக்கிறோம். மகன் கல்லூரி சேர்ந்தால் மகிழ், மகள் மணமானால் மகிழ், பேரன் பிறந்தால் மகிழ் என்கிறோம். "உனக்கென்று நீ எதைப் பயின்றாய்?" என்று கேட்பாரில்லை.

அதே புறநானூற்றில் 243-ஆம் பாடல் நிறைவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இருமலுக்கிடையே சில சொல் பேசி, கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர், மடுவில் பாய்ந்து அடிமணல் அள்ளி வந்த இளமையை நினைந்து இரங்குகிறார். இப்பாடலைச் சோர்வுப் பாடல் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். எல்லா முதியவரும் ஆந்தையார் ஆகிவிட முடியாது. இழந்ததை இழந்தேன் என்று சொல்லும் உரிமையும் முதுமைக்கு வேண்டும். அழும் முதியவரைப் பார்த்து, "நிறைவாக இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை கூறுவது எளிது. அவர் அழுவதற்கு நாம் காரணமா என்று பார்ப்பதுதான் அரிது. இரண்டு பாடல்களையும் ஒரே தொகையில் வைத்த தொகுப்பாளர் நேர்மையானவர்.

'முதியோர் காதல்' தந்த வெளிச்சம்

தொல்காப்பிய நூற்பாவின் உண்மையான வாரிசு எது? பதினைந்து, இருபது நூற்றாண்டுகளாகப் பக்திக் கடலில் நீந்தி, உடல் நிலையாமை பாடிப் பாடி, கிழப்பருவத்தைக் கேலிக்கும் அச்சத்துக்கும் உரிய பொருளாக்கிய பாட்டுக்கள் பல. அவற்றுக்கு இடையே அந்த இழை அறுந்துவிட்டதோ என்று அஞ்சும் நேரத்தில், பாரதிதாசனின் 'குடும்ப விளக்கு' கையில் கிடைக்கிறது.

ஐந்து பகுதிகள் கொண்ட நூல் அது. குடும்பத் தலைவியின் ஒரு நாள் நிகழ்ச்சியில் தொடங்கி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு என்று வளர்ந்து, 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த 'முதியோர் காதல்' என்னும் ஐந்தாம் பகுதியில் நிறைகிறது. காதல் காவியங்கள் திருமணத்தோடு திரையிடும் நாட்டில், கவிஞர் முதுமைக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். அதற்குக் காதல் என்றே பெயருமிட்டார். அழகும் வலிமையும் உதிர்ந்த பின்னும், தன் துணை உயிரோடு இருக்கிறார் என்னும் ஒரே உண்மை போதுமான இன்பமாகிவிடும் நிலையை அங்கே பாடுகிறார். நரை கண்டதும் துணையை மக்களிடம் ஒப்படைத்துக் காடேகச் சொன்ன நூலுக்கு, தமிழ்க் கவிதை சொன்ன மறுமொழி இது. வாதமில்லை, வசையில்லை; ஒரு முதிய இணையை நம் கண்முன் நிறுத்தினார், அவ்வளவே.

கவிஞருக்கு அப்போது ஏறத்தாழ அறுபது அகவை. ஆசிரியப் பணியிலிருந்து 1946-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர் அவர். குடும்ப விளக்கின் பின் மூன்று பகுதிகளும் அந்த ஓய்வுக்குப் பிறகு வந்தவை என்பதைப் படிப்போர் கவனிக்க வேண்டும். ஆந்தையாரின் வாழ்வையும் அவர் விட்டுவிடவில்லை. 'பிசிராந்தையார்' என்று ஒரு நாடகம் எழுதினார். 1964-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அந்நாடகத்துக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு 1969-ஆம் ஆண்டில் கிடைத்தது.

ஆனால் திறனாய்வாளர் கடமை கைதட்டலோடு முடிவதில்லை. குடும்ப விளக்கு எரிவதற்கு எண்ணெய் உண்டு. அது வளமான வீடு. கடன்காரன் கதவைத் தட்டாத வீடு. மக்களும் மருமக்களும் அன்புடைய வீடு. அந்த எண்ணெய் இல்லாத குடிசையில் முதியோர் காதல் எப்படி இருக்கும்? கணவர் ஒரு மகன் வீட்டிலும் மனைவி மற்றொரு மகன் வீட்டிலுமாக, சோற்றுக்குப் பங்கு போடப்பட்ட இணைகளை நாம் அறிவோம். அவர்களுக்கும் காதல் உண்டு. சேர்ந்திருக்கத் திண்ணை இல்லை. கவிஞர் விளக்கை ஏற்றிக் காட்டினார். எண்ணெய்க்கு வழி செய்வது கவிதையின் வேலையன்று, நம்முடையது.

மாலை வெயிலில் மூவர்

ஏடுகளை விட்டு வாழ்வுக்கு வருவோம். ஆந்தையார் அடுக்கிய ஐந்தும் அமைந்தால்தான் நிறைவு உண்டா? அமையாதவர் என்ன செய்வது?

திரு.வி.க.வை எண்ணுகிறேன். 1883-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1918-ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றத் துணை நின்றவர். அதே ஆண்டில் மனைவியை இழந்தார். பிள்ளைகளும் நிலைக்கவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆந்தையாரின் பட்டியலில் முதலிரண்டும் அவருக்கு இல்லை. அரசோ, 1947-ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது, அறுபதைக் கடந்த அவரை வீட்டுக் காவலில் வைத்தது. நான்காவதும் இல்லை! பிறகு கண்ணொளியும் போயிற்று. அந்த நிலையில் அவர் என்ன செய்தார்? தாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நூல்கள் செய்தார். 1951-ஆம் ஆண்டில் 'முதுமை உளறல்', மறைந்த ஆண்டாகிய 1953-இல் 'படுக்கைப் பிதற்றல்' என்று அவற்றுக்குப் பெயரிட்டார். முதியவர் பேசினால் உளறல் என்றும் பிதற்றல் என்றும் உலகம் சொல்லும் என்பதை அறிந்து, அந்தச் சொற்களைத் தாமே எடுத்து நூலின் நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்ட நகைச்சுவையைப் பாருங்கள்! மக்கள் இல்லாதவருக்குத் தொழிலாளர் மக்களாயினர். கண் இல்லாதவருக்குத் தமிழ் கண்ணாயிற்று.

உ.வே.சாமிநாதர் 1919-ஆம் ஆண்டில் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு அகவை 64. நாம் இத்துணை பேசிய புறநானூறு அச்சேறியது 1894-இல், அவருடைய நடுவயதில். அதோடு அவர் நிற்கவில்லை. பெருங்கதை 1924-இலும், குறுந்தொகை 1937-இலும் வெளிவந்தன. இளங்காதலின் ஏடாகிய குறுந்தொகையை உரையோடு தந்தபோது அவருக்கு அகவை 82! தம் வாழ்க்கை வரலாற்றை 1940-இல் எழுதத் தொடங்கி, முடிக்குமுன்னே 1942-இல் மறைந்தார். முடியாத நூல் ஒன்றை விட்டுச் செல்வது இழப்பா? என்னைக் கேட்டால், கடைசி நாள் வரையில் செய்வதற்கு ஒன்று இருந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த அடையாளம் இல்லை.

முத்துலட்சுமி அம்மையார் 1886-இல் பிறந்தவர். சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்து அவர் எழுப்பிய குரலை நாடறியும். அவருடைய தங்கை 1923-இல் புற்றுநோயால் மறைந்தார். அந்தத் துயரத்தை அம்மையார் முப்பது ஆண்டுக்கு மேல் நெஞ்சில் சுமந்தார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயற்படத் தொடங்கியபோது அவருக்கு அகவை 67. போர்க்களத்துத் தாயைப் போல் மகனின் புகழை அவர் இரவல் வாங்கவில்லை. தம் துயரைத் தாமே எடுத்துப் பிறர் துயர் துடைக்கும் பணியாக்கினார். பிசிரில் பாடாத பெண்ணின் குரல் அடையாற்றில் கேட்டது.

மூவரிடமும் பொதுவாக இருந்தது என்ன? நல்லுடலா? இல்லை. குடும்பமா? ஒருவருக்கு அது இல்லை. தம்மைவிடப் பெரிய பணி ஒன்று இருந்தது. அதை அவர்கள் ஓய்வு நாளுக்குப் பிறகு தேடிப் பிடிக்கவில்லை, முன்னரே தொடங்கியிருந்தார்கள். அறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே என்பது வள்ளுவர் கருத்து. 'வேலையெல்லாம் முடியட்டும், பிறகு நூலகம் வைப்பேன், பிறகு ஊருக்கு உழைப்பேன்' என்போரைக் காண்கிறோம். நாற்பதில் நடாத மரம் எழுபதில் நிழல் தராது.

அளவுகோல்

இங்கே நிறுத்திவிட்டால் இக்கட்டுரை படித்தவர்களுக்காகப் படித்தவன் எழுதியதாகிவிடும். நூல் எழுதுவோருக்கும் மருத்துவருக்கும் அமைந்த மாலைப்பொழுது, நாற்று நட்டவளுக்கும் மூட்டை தூக்கியவனுக்கும் உண்டா?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டு. குழந்தைச் சாவு மிகுதியாக இருந்ததே அதற்குப் பெருங்காரணம். ஆயினும் ஏழைக்கு வாழ்வின் பிற்பகுதி என்று ஒன்று உறுதியாக இருந்ததில்லை. மருத்துவமும் உணவும் பெருகிய பின் நிலை மாறிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் அறுபது அகவை கடந்தோர் பத்துக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கும் சற்று அதிகம். பழைய இலக்கியத்தில் ஊருக்கு ஒருவராக இருந்த முதியவர் இன்று தெருவுக்குப் பலராக இருக்கிறார். முதுமை அரசருக்கும் புலவருக்கும் மட்டும் கிடைத்த செல்வமாக இன்று இல்லை. இளையரும் அதைப் பெற்றுவிட்டனர். ஆண்டுகள் கிடைத்துவிட்டன, அந்த ஆண்டுகளுக்கு உள்ளீடு கிடைத்ததா?

அரசு ஊழியருக்கு ஓய்வு நாள் உண்டு. தமிழ்நாட்டில் அது 58 அகவையாக இருந்து, 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆயிற்று. களை பறிப்பவளுக்கு எந்த ஆணையில் ஓய்வு நாள் குறித்திருக்கிறது? கை ஓயும் நாளே அவளுக்கு ஓய்வு நாள். அவளுக்காக 1962-ஆம் ஆண்டில் இம்மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கிற்று. பெற்றோரைப் பேணாத மக்களைத் தட்டிக் கேட்க 2007-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. இரண்டும் வேண்டியவை, இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் உதவித்தொகை வயிற்றை ஆற்றும். "நீ எங்களுக்கு வேண்டியவள்" என்ற சொல்லைத் தராது. சட்டம் சோறு போடச் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்து பேசச் செய்யாது. அவளிடம் நாற்பதாண்டு வயலறிவு இருக்கிறது; விதை, மழை, பூச்சி, மருந்துச் செடி எல்லாம் அவளுக்குத் தெரியும். எந்தப் பள்ளி அவளை அழைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னது? நூலகம் அவளுக்கு எழுத்தறிவித்ததா? ஊராட்சி மன்றம் அவள் கருத்தைக் கேட்டதா? தொல்காப்பியர் சொன்ன பயிற்சி அவளுக்கும் உரியதில்லையா?

ஆகவே 191-ஆம் பாடலைப் புதிதாகப் படிப்போம். அதை அழகுக் குறிப்பாகவும் படிக்க வேண்டா. தனிமனிதருக்கு அறிவுரையாகவும் படிக்க வேண்டா. ஓர் ஊருக்கு வைக்கும் அளவுகோலாகப் படிப்போம். இந்த ஊரில் மனைவி தன் நிறைவைத் தானே சொல்ல முடிகிறதா? மக்கள் நிரம்புமளவு கல்வி கிடைக்கிறதா? ஏவல் செய்வோருக்கு முதுமையும், முதுமைக்கு மதிப்பும் உண்டா? ஆட்சி முறை செய்கிறதா? சான்றோர் இருக்கிறார்களா, அவர்கள் வாய் திறக்கிறார்களா? ஐந்துக்கும் ஆம் என்று விடை வரும் ஊரில் நரை தோன்றினாலும் குறையில்லை, தோன்றாவிட்டாலும் சிறப்பில்லை.

ஆந்தையாரிடம் சான்றோர் கேட்டார்கள், அவர் சொன்னார். அவருடைய இளையரிடம் எவரும் கேட்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டு தாமதமாயிற்று. இனியேனும் அவர்களிடம் கேட்போம். அவர்கள் சொல்லப்போகும் விடைதான் தமிழில் இன்னும் எழுதப்படாத புறப்பாட்டு.